மறு: நிக்குத் – ‘உயிர்ப்புள்ளி’ வேண்டாமே

> எபிரேய எழுத்தில் ஒலிக்குறியிடும் முறையான நிக்குத் என்றாலே புள்ளியிடுதல்தான். உயிரொலியைக் காட்டும் புள்ளி என்பதால் ‘உயிர்ப்புள்ளி’ என்று போட்டுவிடலாம். சுருக்கமாகவும் இருக்கிறது.

வணக்கம்.

சுருக்கம்தான், மறுக்கவில்லை. ஆனால் மெய்யின் இயல்பே புள்ளியோடு நிற்பது என்று தொல்காப்பியத்திலிருந்து படித்து வந்தவர்கள் நாம். நமக்குப் புள்ளி வைத்தால் உயிர் போகும், எபிரேயத்தில் புள்ளி வைத்தால் உயிர் வரும். எபிரேயம் படிக்கத் தொடங்கும் இறையியல் மாணவர் நம் தட்டச்சு உதவிப் பக்கத்தின் முதல் வரியிலேயே இடறுவார். போதாக்குறைக்கு ஷ்வா என்று ஒன்று இருக்கிறது. எழுத்துக்கு அடியில் ஒன்றன்கீழ் ஒன்றாக இரண்டு புள்ளி. பல இடங்களில் அது உயிர் இல்லை என்பதைத்தான் காட்டுகிறது. அதையும் உயிர்ப்புள்ளி என்பதா?

‘அ’ ஒலிக்கான பத்தாஹ் ஒரு சின்னக் கோடு, புள்ளியே இல்லை. தாகேஷ் புள்ளிதான், ஆனால் உயிர் இல்லை. பேத் எழுத்தின் வயிற்றுக்குள் அதை வைத்தால் ‘வ’ ஒலி பம்பரத்தில் ‘ம்’முக்குப் பின் வரும் ‘ப’ ஒலியாக மாறும், அவ்வளவுதான். (எழுத்துப் பெயர்களை தமிழ் பைபிளில் 119ஆம் சங்கீதத்தின் தலைப்புகளை ஒட்டியே எழுதுகிறேன். தமிழில் ஏற்கெனவே இருப்பதை விட்டுவிட்டுப் புதிதாக எதற்கு?)

என் பரிந்துரை இது: உயிரைக் காட்டுபவை உயிர்க்குறி. தாகேஷ், ‘ஷ’வை ‘ஸ’விலிருந்து பிரிக்கும் ஷீன் புள்ளி எல்லாம் சேர்த்த பொதுப்பெயர் ஒட்டுக்குறி. முறையின் பெயர் நிக்குத் என்றே இருக்கட்டும்.

பொதுப்பெயர் எதற்கு என்று கேட்பீர்கள். ‘ஷாலோம்’ தட்டிப் பாருங்கள். இஸ்ரேலின் தரநிலை அமைப்பில், ஆங்கிலப் பலகையின் ஏ (A) விசையில் ஷீன் இருக்கிறது. அதன் வலப்பக்கத் தலையில் ஷீன் புள்ளி. அடியில் ‘ஆ’வுக்கான காமட்ஸ், அதற்கு வலப்பக்க ஆல்ட் விசையோடு ஈ (E). அந்த இடத்தில்தான் கோப் எழுத்து, காமட்ஸ் என்ற பெயரின் முதலெழுத்து. 2013இல் திருத்திய தரநிலையில் இப்படி நினைவில் நிற்கிற மாதிரி வைத்திருக்கிறார்கள். அப்புறம் லாமேத்துக்குக் கே (K). சொல்லின் கடைசியில் வரும் மேமுக்கு வடிவம் வேறு, விசையும் வேறு: என் (N) அல்ல, ஓ (O).

இப்போது சிக்கல். நாம் தட்டியது ஷீன், ஷீன் புள்ளி, காமட்ஸ். ஒரே சொல்லின் குறிகளை எப்போதும் ஒரே வரிசையில் வைக்கும் யூனிகோட் இயல்பாக்கம் (normalization) அதை ஷீன், காமட்ஸ், ஷீன் புள்ளி என்று மாற்றி அடுக்கிவிடும். திரையில் வித்தியாசம் தெரியாது. இயல்பாக்காமல் ஒப்பிடும் தேடலில் மட்டும் சொல் அகப்படாது. இதை விளக்கும் வரியில் ‘உயிர்க்குறிகளின் வரிசை’ என்று எழுத முடியாது, இரண்டில் ஒன்றுதான் உயிர்க்குறி. ‘ஒட்டுக்குறிகளின் வரிசை’ என்றால் சரியாக உட்கார்கிறது.

---

> ஒட்டுக்குறி

ஐயா, முன்னொட்டு, பின்னொட்டு என்று இலக்கணத்தில் ‘ஒட்டு’ ஏற்கெனவே குடியிருக்கிறதே. பள்ளிக்கூடத்திலேயே படித்த ‘துணையெழுத்து’ இருக்க, இது எதற்கு?

---

துணையெழுத்தை நானும் யோசித்தேன். எபிரேயத்தில் எழுத்து என்றால் அந்த 22 மெய்கள்தான். யூதர்களின் வேதமான தோராவின் சுருளில் குறிகளை எழுதுவதே இல்லை, இஸ்ரேலில் நாளிதழ்களும் பெரும்பாலும் குறியில்லாமல்தான் அச்சாகின்றன. அப்படி இருக்க, குறியை எழுத்து என்று அழைத்தால் ‘முதலில் எழுத்தைத் தட்டவும்’ என்ற கட்டளையே குழம்பும். முன்னொட்டு சொல்லில் ஒட்டுகிறது, இது எழுத்தில் ஒட்டுகிறது. பின்னால் ‘குறி’ இருப்பதால் மயக்கம் வராது என்று நினைக்கிறேன்.

உதவிப் பக்கத்தில் இப்படி வரும்: ‘எழுத்தைத் தட்டியபின் ஒட்டுக்குறியைத் தட்டவும். பின்னழி (Backspace) விசை கடைசியாகத் தட்டிய ஒட்டுக்குறியை மட்டும் நீக்கும்.’

---

வாசித்துப் பார்த்தேன், தடங்கல் இல்லை. ஒட்டுக்குறிக்குச் சரி. ‘பின்னழி’ பற்றித் தனி இழை தொடங்குகிறேன், அதில் எனக்கு உடன்பாடில்லை.