ஒவ்வாத குதிரைக்கு என்ன சொல்?

வெள்ளவத்தையிலிருந்து:
எல்லாருக்கும் வணக்கம், அவசரம். அவுஸ்திரேலியாவில எழுதின குதிரை வளர்ப்புக் கைநூல் ஒண்டைத் தமிழாக்கிறன், திங்கள் காலமை பிரஸ்ஸுக்குப் போகவேணும். மேய்ச்சல் தரையை மின்வேலியால பிரிக்கிற அத்தியாயத்தில நிக்கிறன். ஒண்டையொண்டு கடிக்கிற, உதைக்கிற, தீனிக்கிட்ட மற்றதை அண்டவிடாத குதிரையளை வேற வேற பக்கம் விடச் சொல்லுது. நான் "ஒவ்வாக் குதிரைகள்" எண்டு போட்டன். ப்ரூஃப் பாத்த பிள்ளை கேக்குது, அக்கா, வருத்தத்தைச் சொல்லிப்போட்டு மருந்தைச் சொல்லேல்லையே எண்டு!

கொட்டாஞ்சேனையிலிருந்து:
தங்கச்சி, ஒவ்வாமையை டொக்டர்மார் எடுத்துக்கொண்டு போட்டினம், இனித் திரும்பி வராது. "பொருந்தாப் பரி" எண்டு போடும். பரி, புரவி, இவுளி, எத்தினை சொல் சும்மா கிடக்கு. தொல்காப்பியர் மரபியலில ஆண் குதிரையைச் சேவல் எண்டுகூடச் சொல்லலாம் எண்டு இடம் விட்டிருக்கிறார், ஆர் எடுத்தது?

தெஹிவளையிலிருந்து:
மாஸ்டர், சேவல் எண்டு போட்டா வேலிக்கு மேலால பறந்திடும். பொருந்தா எண்டா எனக்குப் பொருந்தாக் காதலைச் சொல்லுற பெருந்திணைதான் ஞாபகம் வருது, குதிரைக்கு ஏன் அந்தப் பழி? பேசாம "ஒத்துவராத குதிரைகள்" எண்டு விடுங்கோ.
தங்கச்சி, மின்வேலி எண்ட சொல்லையும் ஒருக்காப் பாருங்கோ. நான் கொஞ்சக் காலம் யானை வேலி வேலையில நிண்டனான். இஞ்ச சனம் மின்வேலி எண்டா வீட்டு லைனில இருந்து 230 வோல்ட்டைக் கொழுவிறது எண்டு நினைக்கும், அது ஆளையே கொல்லும். இது அப்பிடியில்லை. வேலிக்கு மின் குடுக்கிற பெட்டி பல்லி சொல்ற மாதிரி டிக் டிக் எண்டு செக்கனுக்கு ஒருக்கா அடிக்கும், 5000 வோல்ட்டுக்கு மேல போனாலும் கண் வெட்டிற நேரம்கூட இல்லை, சுள்ளெண்டு ஒரு அடி, அவ்வளவுதான். புல்லு வளந்து கம்பியில முட்டினா அதுவும் போச்சு. கோடையில நிலம் காஞ்சாலும் எர்த் பிடியாது, நிலத்தில அடிச்ச எர்த் கம்பியடியில தண்ணி ஊத்தவேணும். அதால "துடிப்பு மின்வேலி".

கொட்டாஞ்சேனையிலிருந்து:
துடிப்பு சரி. ஒத்துவராத எண்டது கலைச்சொல்லோ, கலியாணப் பேச்சோ? நெடுந்தீவில கட்டாக்காலியாத் திரியிற குதிரையளுக்கு ஆர் வேலி போட்டது?

தெஹிவளையிலிருந்து:
அங்க வெளி கிடக்கு மாஸ்டர், பிடிக்காதது விலகிப் போகும். அடைச்சு வச்சாத்தான் ஓட இடமில்லாமல் உதை விழும்.

வெள்ளவத்தையிலிருந்து:
சண்டை பிடியாதேங்கோ, இன்னொண்டு கிடக்கு. ஒரு வேலி மட்டும் போட்டா ரெண்டு பக்கமும் நிண்டு மூக்கை நீட்டிக் கடிபடுமாம், அதால ரெண்டு வேலி போட்டு, ஒண்டுக்கு மற்றது எட்டாத அளவு நடுவில வெறும் பாதை விடச் சொல்லுது. வேலிக்குக் கம்பி இல்லை, மின் பாயிற 4 சென்ரிமீற்றர் அகல வெள்ளை நாடா, குதிரைக்குத் தூரத்தில இருந்தே தெரியவேணும். அந்தப் பாதைக்கு என்ன சொல்?

தெஹிவளையிலிருந்து:
ஒழுங்கை! ரெண்டு வேலிக்கு நடுவில போறது ஒழுங்கை இல்லாம வேறென்ன, யாழ்ப்பாணத்தில அதைவிட என்ன பாத்து வளந்தனாங்கள், அதுக்காக வழக்குப் போட்டுக் கோடு ஏறினவையும் உண்டு.

கொட்டாஞ்சேனையிலிருந்து:
ஒழுங்கைக்கு நான் முழுச் சம்மதம். தமிழ்நாட்டில ஒழுங்கு எண்டு வாசிச்சா வாசிக்கட்டும்.

வெள்ளவத்தையிலிருந்து:
நன்றி மாஸ்டர், நன்றி அண்ணை. ஒழுங்கை போட்டாச்சு, துடிப்பு மின்வேலியும் போட்டாச்சு. மற்றதுக்கு "சேராக் குதிரைகள்" எண்டு வைக்கிறன், இனிமேல் மாத்த ஏலாது, பிரஸ்காரர் போன் எடுத்தபடி.

கொட்டாஞ்சேனையிலிருந்து:
நான் இன்னும் பொருந்தாவிலதான் நிக்கிறன். "சேரா"வில வாற துணைக்காலை ஒழுங்காப் போடச் சொல்லும், அது விழுந்தா சேரக் குதிரை, வாசிக்கிறவன் செங்குட்டுவன்ர லாயத்தைத் தேடப்போறான்.