த்ராஷேயில் ‘ஷ’, த்ராகேயோதோமியில் ‘க’ ஏன்?

கேள்வி (பாரிஸ் புறநகர்)
வணக்கம். இங்க எத்-சுவாஞாந்த் (தாதி உதவியாளர்) படிக்கிறன். எழுத்துச் சோதனை பரவாயில்லை, பிரெஞ்சு மருத்துவச் சொற்களை வாசிச்சுக் காட்டச் சொன்னால்தான் நாக்குப் புரளுது. மூச்சுக்குழாய் ‘த்ராஷே’. அதில துளை போடுற சத்திரசிகிச்சை மட்டும் ‘த்ராகேயோதோமி’ எண்டு ரீச்சர் சொல்லுறா. ரெண்டிலயும் எழுத்து ஒரே சி-ஹெச் (ch) தானே? நிமோனியாவைச் சொன்னாலும் திருத்துறா. நீட்டுச் சொற்களை எங்க பிரிக்கிறது?

பதில் 1 (தாதி, லியோன்)
தங்கச்சி, முதல்ல இங்கிலீசை மறந்திடுங்கோ. பிரெஞ்சில முன்னுக்கு வாற ‘ப்’ ஊமை இல்லை: ப்னெ-மோ-னி (நிமோனியா), ப்சி-கியாத்ர் (மனநல வைத்தியர்). ‘பினெ’ எண்டு இகரம் நுழைச்சால் அசை ஒண்டு கூடிடும், எங்கட ஆக்கள் விடுற பிழை அதுதான். உதடு மூடியிருக்கேக்கையே நுனிநாக்கு ‘ன’வுக்குத் தயாரா நிக்கவேணும்.

பிரிக்கிறது சுகம். ரெண்டு உயிருக்கு நடுவில தனி மெய் நிண்டால் அது பின் அசைக்குப் போகும். பித்தப்பை எடுக்கிறதுக்கு கோ-லே-சிஸ்-தெக்-தோ-மி, 6 அசை. எல்லாம் ஒரே அளவு, கடைசியில மட்டும் கொஞ்சம் அழுத்தம். பின்னால இருந்து கட்டிப் பழகுங்கோ: மி, தோமி, தெக்தோமி...

பதில் 2 (புதுச்சேரி)
சி-ஹெச் பத்தி: அடுத்து மெய் வந்தா ‘க’தான், க்லோர் (குளோரின்) மாதிரி. கிரேக்கச் சொல்லில் ‘ஓ’ வந்தாலும் ‘க’: கொலெஸ்தெரோல், ப்ரோன்கோஸ்கோபி (குழாய் விட்டு மூச்சுக்கிளைகளைப் பாக்குறது). எ, இ வந்தாதான் தகராறு. ஷிரூர்ழி (அறுவை சிகிச்சை), ப்ரோன்ஷித் (மூச்சுக்கிளை அழற்சி) இதெல்லாம் ‘ஷ’, ப்சிகியாத்ர் ‘க’. ஜனங்க வாயில் புழங்கித் தேய்ந்த த்ராஷேயில் ‘ஷ’, வைத்தியருங்க கிரேக்கத் துண்டுகளை ஒட்டிச் செஞ்ச த்ராகேயோதோமியில் ‘க’. அரைகுறை விதிதான், மிச்சத்தை மனப்பாடம் பண்ணணும்.

இன்னொண்ணு, வரி ஓரத்தில் ஒடிக்கிறது வேற, வாயில் ஒடிக்கிறது வேற. ஏ-மோ-ரா-ழி (ரத்தப்போக்கு) எழுத்தில் ரெண்டு ‘ர்’. அச்சில் அதுக்கு நடுவில்தான் ஒடிப்பாங்க, வாயில் ஒரே ‘ர’. ‘ழ’ போட்டு எழுதறது நம்ம பழக்கம், அந்த ஒலி தமிழ் ழகரம் இல்லங்க.

கேட்டவர்
நன்றி அக்கா, அண்ணா. எழுதியிருக்கிற எழுத்தை எல்லாம் ஒலிச்சு வாசிக்கலாமோ?

பதில் 1
ஐயோ, இல்லை! ஆஸ்துமா வெறும் ‘அஸ்ம்’, இடையில ‘த்’ இல்லை. இரைப்பை ‘எஸ்தோமா’, கடைசி ‘க்’ இல்லை. நாடித்துடிப்பில எல்லும் எஸ்ஸும் விழுந்து ‘பூ’ மட்டும் மிஞ்சும். பேனுக்கும் அதே ஒலிதான். ஆஸ்பத்திரி வாட்டில ‘ப்ராந்த்ர் ல பூ’ (நாடி பார்க்கிறது) எண்டால் கையைப் பிடியுங்கோ, தலையைப் பார்க்காதேங்கோ.