பழைய கொரொல்லா 121 காரின் ஒரிஜினல் செற்றில் போன் பாட்டு: எது சரிவரும்?

கொரொல்லா_121:
வணக்கம். ஜப்பானிலிருந்து வந்த கொரொல்லா 121, கசெற்றும் சீடியும் உள்ள கம்பனி செற். போனை வயரால் இணைக்கும் அக்ஸ் ஓட்டை இல்லை. டாஷ்போர்டை வெட்டி அன்ட்ரொயிட் பிளேயர் போட விருப்பமில்லை. லைட்டரில் செருகும் எஃப்.எம். ட்ரான்ஸ்மிற்றர் போட்டால் கொழும்பு-காலி வீதியில் போகப்போக ஏதாவதொரு வானொலி நடுவில் புகுந்துவிடுகிறது. வேறு வழி உண்டா?

வயர்மன்:
ட்ரான்ஸ்மிற்றரில் பிழையில்லை, இடம்தான் போதாது. ஜப்பான் செற் பிடிப்பது 76 முதல் 90 மெகாஹேர்ட்ஸ். ட்ரான்ஸ்மிற்றர் 87.5 முதல் 108. இரண்டுக்கும் பொதுவாக மிஞ்சுவது இரண்டரை மெகாஹேர்ட்ஸ். உங்களுக்கு உள்ளூர் எஃப்.எம். எல்லாம் கேட்கிறதென்றால் அன்டெனா வயரில் எக்ஸ்பாண்டர் இருக்கிறது. அது மேலேயுள்ள நிலையங்களை இறக்கி அதே இடத்தில் கொண்டுவந்து போடும். 12 இறக்கும் எக்ஸ்பாண்டர் என்றால் 100.5 நிலையம் 88.5 இல் வந்து உட்காரும். பிறகு வெறும் இடத்துக்கு எங்கே போவது?

அன்டெனா வயருக்குள் இணைக்கும் எஃப்.எம். மொடுலேற்றர் வாங்குங்கள். ஓன் பண்ணியவுடன் அன்டெனாவைத் துண்டித்துத் தன் சிக்னலை மட்டும் செற்றுக்குக் கொடுக்கும். வரிசை முக்கியம்: அன்டெனா, எக்ஸ்பாண்டர், மொடுலேற்றர், செற். மொடுலேற்றரை எக்ஸ்பாண்டருக்கு முன்னால் போட்டால் அதன் சிக்னலும் சேர்ந்து இறங்கிவிடும்.

ஈயப்பற்று:
எஃப்.எம்மே வேண்டாம் என்பவன் நான். செற்றின் பின்னால் சீடி சேஞ்சருக்கான (பல சீடிகளை மாற்றி மாற்றிப் போடும் தனிப் பெட்டி) 12 பின் சொக்கெற் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். டொயோட்டாவில் பெரியது 6+6, சிறியது 5+7. அளவைப் பார்க்காமல் பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளுக்கு ஓடாதீர்கள். அந்த சொக்கெற்றுக்குச் சும்மா இடது வலது வயரைக் கொடுத்தால் சத்தம் வராது, சேஞ்சர் இருக்கிறதென்று டேட்டா வயரில் பதில் வந்தால்தான் செற் அந்தப் பக்கம் திரும்பும். யாடூர் போன்ற சேஞ்சர் அடாப்டர் செய்வது அதைத்தான்.

சொக்கெற் இல்லையென்றால் கசெற் அடாப்டர். மலிவு என்று சிரிக்காதீர்கள், நாடாவைப் படிக்கும் ஹெட்டை ஐசோப்ரோப்பைல் அல்ககோல் தொட்ட பஞ்சால் துடைத்து, டொல்பியை (நாடாவின் சீறலைக் குறைக்கும் வசதி) நிறுத்தினால் கேட்கும்படியே இருக்கும். டொல்பி ஓடினால் பாட்டு போர்வைக்குள் பாடுவதுபோல் மந்தமாகும். உள்ளே போனதும் துப்பிவிடுகிறது என்றால் அடாப்டரின் சில்லுகள் சுற்றவில்லை.

கொரொல்லா_121:
5+7 இருக்கிறது, நன்றி அண்ணா. சேஞ்சர் அடாப்டரின் அக்ஸில் புளூடூத் ரிசீவர் மாட்டினால் அக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்க ஊளைச் சத்தம் ஏறுமென்கிறார்களே?

ஈயப்பற்று:
ஏறும். ரிசீவருக்குப் பவரும் ஓடியோவும் ஒரே காரிலிருந்து வருவதால் ஏர்த் இரண்டு பாதையில் சுற்றுகிறது, அல்டர்னேட்டர் இரைச்சல் அதில் ஏறிக்கொள்கிறது. சோதிப்பது சுலபம்: ரிசீவரைப் பவர் பேங்கில் ஓட்டுங்கள். ஊளை நின்றால் குற்றம் பவர் பக்கம்.

மருந்து: 12 வோல்ட்டை 5 ஆக்கும் பக் மொடியூல், அதன் பின்னால் ஏர்த்தைப் பிரித்துவைக்கும் பி0505எஸ் ஐசொலேட்டர். அது 1 வொட், அதாவது 200 மில்லி அம்பியர். சிறிய ரிசீவருக்குப் போதும், போன் சார்ஜ் பண்ண அதைத் தொடாதீர்கள். ஓடியோ வயரில் போடும் கிரவுண்ட் லூப் ஐசொலேட்டரும் ஊளையை நிறுத்தும், ஆனால் மலிவானது பேஸைத் தின்றுவிடும்.

வயர்மன்:
பவரை ஏசிசி வயரிலிருந்தே (சாவியைத் திருப்பினால் மட்டும் பவர் வருவது) எடுங்கள், 1 அம்பியர் பியூஸுடன். டொயோட்டாவில் ஏசிசி வழக்கமாகச் சாம்பல் நிறம், நீலம்-மஞ்சள் எப்போதும் உயிருள்ளது, கபிலம் ஏர்த். நிறத்தை நம்பாமல் மல்டிமீற்றரை வையுங்கள், முன்பு யாராவது கை வைத்திருப்பார்கள். உயிருள்ள வயரில் கொடுத்தால் 50 மில்லி அம்பியர் ரிசீவர்கூட ஒரு நாளைக்கு 1.2 அம்பியர்-அவர் குடிக்கும். இரண்டு வாரம் நிறுத்திவைத்தால் பற்றரி படுத்துவிடும்.

கழற்றுமுன் பற்றரி நெகட்டிவ்வை எடுங்கள். முகப்பு கிளிப்பில்தான் நிற்கிறது, பிளாஸ்டிக் நெம்பியால் கிளப்புங்கள், ஸ்குரூ டிரைவர் தடம் போகாது. உள்ளே 10 மில்லிமீற்றர் போல்ட்டுகள். போனின் வொல்யூமை முக்கால்வாசிக்கு மேல் வைத்து, மிச்சத்தைச் செற்றில் கூட்டுங்கள். தலைகீழாக வைத்தால் சீறல்தான் கேட்கும்.