பழைய தேவாலயக் கல்லறைகளைப் பதிவு செய்வது எப்படி? ஸ்கொட்லாந்து அனுபவம் உள்ளவர்கள் உதவுங்கள்

கேள்வி: கொட்டாஞ்சேனை வாசகன்

எங்கள் தேவாலய வளவில் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுத்துப் பொறித்த பழைய கல்லறைகள் ஏறத்தாழ நூறு இருக்கின்றன. சில பாதி மண்ணுக்குள் போய்விட்டன. சிலவற்றில் ஆலங்கன்று வேர்விட்டிருக்கிறது. சபை இளைஞர்கள் சனிக்கிழமைகளில் துப்புரவு செய்ய முன்வந்தார்கள். ஆனால் சென்ற மாதம் ஒருவர் நல்லெண்ணத்துடன் ஒரு பளிங்குக் கல்லைக் கம்பித் தூரிகையால் தேய்த்ததில், என் பூட்டனாரின் தங்கையுடைய பெயரில் இரண்டு எழுத்துகள் அழிந்துவிட்டன. அன்றே வேலையை நிறுத்திவிட்டேன். ஸ்கொட்லாந்துக் கிராமங்களில் ஊர்த் தொண்டர்களே பழைய கல்லறைத் தோட்டங்களைச் சீரமைத்துப் பதிவு செய்கிறார்கள் என்று அறிகிறேன். அவர்களுடைய முறையை இங்கே கைக்கொள்ள முடியுமா?

பதில் 1: வெள்ளவத்தை, ஓய்வுபெற்ற நிலஅளவையாளர்

தம்பி, நிறுத்தியது நல்லதாயிற்று. அபர்டீனுக்கு அருகே மகள் வீட்டில் தங்கியிருந்த இரண்டு கோடைகாலங்களில் அப்படியொரு குழுவுடன் நானும் வேலை செய்திருக்கிறேன். தூரிகையைத் தொடுவதற்கு முன் அவர்கள் அளவுநாடாவையும் தாளையும் எடுத்தார்கள். ஸ்கொட்லாந்தில் பிறப்பு, இறப்புகளை அரசு கட்டாயமாகப் பதியத் தொடங்கியது 1855இல்தான். அதற்கு முந்திய கோவிற்பற்றுப் பதிவேடுகளில் அடக்கங்கள் ஒழுங்காக எழுதப்படாததால், பலருடைய இறப்புக்கு அந்தக் கல் ஒன்றே சாட்சி. ஆகவே முதலில் வளவு முழுவதற்கும் ஒரு வரைபடம் வரைந்து, எழுத்தில்லாத கற்கள் உட்பட எல்லாவற்றுக்கும் எண் கொடுத்து, ஒவ்வொன்றின் அளவையும் கல்வகையையும் முகம் பார்க்கும் திசையையும் குறித்துக்கொண்டார்கள்.

பிறகு வாசிப்பு. இருவர் தனித்தனியே வாசித்து எழுதுவார்கள், மூன்றாமவர் இரண்டையும் ஒப்பிடுவார். வரி எங்கே முறிகிறதோ அங்கேயே முறித்து எழுத வேண்டும். பிழையைத் திருத்தக் கூடாது. அழிந்த எழுத்துக்கு அடைப்புக்குறி இட வேண்டும். தேய்ந்த கல்லின் பக்கவாட்டில் ஒரு பெரிய கண்ணாடியைப் பிடித்து வெயிலைச் சாய்வாக விழச் செய்தபோது, வெறும் கல் என்று நாங்கள் கடந்துபோன ஒன்றில் மணற்கடிகையும் மண்டையோடும், அவற்றின் கீழே கொல்லருக்குரிய சுத்தியலும் கிரீடமும் எழுந்து வந்தன. அந்நாட்டுக் கற்களில் மணமான பெண்ணும் பிறந்த வீட்டுக் குடும்பப் பெயருடனேயே பொறிக்கப்பட்டிருப்பதால், ஒரு கல்லிலிருந்து இரண்டு குடும்பங்களின் வழியைத் தொடரலாம்.

சுத்தம் செய்ய மென்மையான தூரிகையும் நல்ல தண்ணீரும் போதும். வெளிற்றும் மருந்து கல்லுக்குள் உப்பை விட்டுச் செல்லும். வெடிப்பைச் சீமெந்தால் அடைத்தால் ஈரம் உள்ளே சிறைப்பட்டுக் கல் உரிந்துபோகும். சுண்ணாம்புச் சாந்துதான் ஏற்றது. அங்கே கற்பாசியைக்கூட அவசியமின்றிச் சுரண்டுவதில்லை. சுவரில் படர்ந்த கொடியை இழுக்காமல் அடியில் வெட்டிக் காயவிடுவார்கள். உங்கள் ஆலங்கன்றையும் அப்படியே வெட்டுங்கள். அது திரும்பத் துளிர்க்கும், துளிர்க்கும்போதெல்லாம் வெட்ட வேண்டும். சாய்ந்த கற்களை இளைஞர்கள் தாமாக நிமிர்த்த முயல வேண்டாம், அவற்றின் பாரம் ஆளையே நசுக்கிவிடும்.

பதில் 2: கண்டியிலிருந்து

தலதா மாளிகைக்கு அருகிலுள்ள பழைய படையினர் மயானத்தை ஒருமுறை வந்து பாருங்கள். 1824இல் இறந்த பிரித்தானிய அதிகாரி ஜோன் டொயிலியின் கல்லறை அங்கேதான் உள்ளது. மகியாவ மயானத்திலோ, ஸ்கொட்லாந்திலிருந்து 1852இல் வந்து லூல்கந்துரத் தோட்டத்தில் தேயிலை பயிரிட்ட ஜேம்ஸ் டெயிலரின் கல், அவர் 1892 மே 2ஆம் திகதி 57 வயதில் இறந்ததைச் சொல்கிறது. அதே மலையில் காடு வெட்டிய நம் மக்களுக்கு இப்படி ஊர், நாள், வயது சொல்லும் கற்கள் கிடையா. தமிழகத்திலிருந்து வரும் வழியிலேயே இறந்தவர்கள் எத்தனையோ பேர். அதனால் உங்கள் வளவில் கல்லில்லாத மண்மேடுகள் இருந்தால் அவற்றுக்கும் எண் கொடுங்கள் என்று மனதாரக் கேட்டுக்கொள்கிறேன்.

பதில் 3: தெமட்டகொடை, தமிழாசிரியை

தம்பி, தமிழ்க் கற்களில் ஸ்கொட்லாந்துக்காரருக்கு இல்லாத சிக்கல் ஒன்று நமக்குண்டு. பழைய வெட்டெழுத்தில் புள்ளி இராது. எகர ஏகாரமும் ஒகர ஓகாரமும் வேறுபடா. காலும் ரகரமும் ஒன்றுபோலவே தோன்றும். ஆண்டு ௲௮௱௪௰௭ என்று இருந்தால் அது 1847. கல்லில் உள்ளதை உள்ளபடி ஒரு வரியிலும், உங்கள் வாசிப்பை அதன் கீழே வேறு வரியிலும் எழுதுங்கள். இரண்டையும் கலந்தால் பின்னால் வருபவருக்கு எது கல், எது ஊகம் என்று பிரிக்க வழியில்லை. எழுத்துத் தெரிவதற்காகச் சோக்கட்டியோ மாவோ பூச வேண்டாம். இருட்டிய பின் டோர்ச் வெளிச்சத்தைப் பக்கவாட்டில் அடித்தால் போதும். ஆங்கிலக் கற்களுக்கு, 1913இல் கொழும்பில் வெளியான ஜே. பி. லூயிஸின் கல்லறை வாசகத் தொகுப்பையும் பாருங்கள். உங்கள் கல் அதில் இருந்தால், இன்று தேய்ந்துபோன எழுத்தை அன்று வாசித்தவரிடமிருந்தே பெறலாம்.

கொட்டாஞ்சேனை வாசகன்

ஐயா, அக்கா, கண்டி நண்பர், மூவருக்கும் நன்றி. இந்தச் சனிக்கிழமை தூரிகை எதுவும் வேண்டாம், நாடாவும் கட்டத்தாளும் மட்டும் கொண்டுவாருங்கள் என்று இளைஞர்களிடம் சொல்லிவிட்டேன். அடக்கப் பதிவேட்டைப் பார்க்கக் குருவானவரிடம் அனுமதி கேட்டிருக்கிறேன். அழிந்த அந்த இரண்டு எழுத்துகளும் என் தாயாருக்குத் தெரியும். வரைபடத்தில் முதலாம் எண் அந்தக் கல்லுக்குத்தான், அழிந்த இடத்தில் அடைப்புக்குறியும் இருக்கும். ஐயா, நீங்கள் சொன்ன கண்ணாடி எவ்வளவு உயரமாக இருக்க வேண்டும்? முடிந்தால் அன்று காலை நீங்களும் வாருங்கள்.