மறு: ‘கமா ஸ்ப்ளைஸ்’ – தமிழில் என்ன சொல்லலாம்?

நண்பர்களுக்கு வணக்கம்.

ஆங்கிலத்தில் இரண்டு முழு வாக்கியங்களை வெறும் காற்புள்ளியால் சேர்த்துவிடுவதைக் ‘கமா ஸ்ப்ளைஸ்’ என்கிறார்கள். நம் சொற்பட்டியலுக்காக அதற்கு ஒரு தமிழ்ச்சொல் தேடும் இந்த இழை நீண்டுகொண்டே போகிறது. இதுவரை வந்த பரிந்துரைகள்: காற்புள்ளிப் பிளவு, காற்புள்ளி இணைப்புப் பிழை, இருமுற்றுப் பிழை, காற்புள்ளி ஒட்டு. என் வாக்கு கடைசியாக உள்ளதற்கு. காரணத்தைக் கொஞ்சம் விரித்தே சொல்கிறேன். சொல்லை முடிவு செய்வதற்கு முன் பொருளில் நாம் ஒத்துப்போக வேண்டும்.

> ‘பிளவு’ சின்னதாக, நறுக்கென்று இருக்கிறதே?

இருக்கிறது, ஆனால் பொருள் தலைகீழ். இரண்டு கயிறுகளின் முனைகளைப் பிரித்து, புரிகளை ஒன்றுக்குள் ஒன்று பின்னி ஒரே கயிறாக்குவதுதான் ஸ்ப்ளைஸ். படச்சுருளை வெட்டி ஒட்டுவதற்கும் அதே சொல்தான். இங்கே நடப்பதும் ஒட்டும் வேலையே. தன்னளவில் முழுமையான இரண்டு வாக்கியங்கள், நடுவில் வெறும் காற்புள்ளி: ‘த பெல் ரேங், எவ்ரிவன் லெஃப்ட்.’ பிளவு என்று பெயர் வைத்தால், ஒரு வாக்கியத்தைக் காற்புள்ளி தப்பான இடத்தில் வெட்டிவிட்டது என்றுதான் மாணவர் நினைப்பார். அப்படியும் ஒரு பிழை உண்டு, எழுவாய்க்கும் வினைக்கும் நடுவில் காற்புள்ளி போடுவது. அது வேறு, இது வேறு.

> தமிழில் வினைமுற்று என்ற தெளிவான கருத்து இருக்கும்போது ‘இருமுற்று’ என்பதைவிடப் பொருத்தமாக என்ன கிடைக்கும் ஐயா?

இந்த வாதம் எனக்குப் பிடித்திருந்தது. நம் பிள்ளைகள் இந்த இடத்தில் ஏன் இடறுகிறார்கள் என்பதையும் இதை வைத்தே விளக்கிவிடலாம். தமிழ் வாக்கியம் எச்சங்களைக் கோத்துக்கொண்டே போய் ஒரு முற்றில் முடியும். ‘மணி அடித்து, எல்லாரும் கிளம்பினார்கள்’ என்கிறோம். ‘அடித்து’ என்பது எச்சம். அதன் பின்னால் காற்புள்ளி இருந்தாலும் குறையில்லை, இல்லாவிட்டாலும் குறையில்லை. அதையே ஆங்கிலத்தில் எழுதும்போது ‘அடித்து’ என்ற எச்சம் ‘ரேங்’ என்ற முற்றாகிவிடுகிறது. காற்புள்ளி மட்டும் பழைய இடத்திலேயே நிற்கிறது. பிழை பிறந்துவிட்டது.

ஆனாலும் ‘இருமுற்று’ வேண்டாம். ‘ஐ நோ ஹி கேம்’ என்பதில் இரண்டு முற்று வினைகள் இருக்கின்றன, பிழை ஏதுமில்லை. ‘வென் த பெல் ரேங், எவ்ரிவன் லெஃப்ட்’ என்பதிலும் இரண்டு. ‘வென்’ வந்ததும் முதல் பகுதி தனியாக நிற்கும் தகுதியை இழந்துவிடுகிறது, காற்புள்ளி அங்கே சரியாகிவிடுகிறது. ஆகவே எண்ணிப் பார்க்க வேண்டியது எத்தனை முற்று என்பதை அல்ல, தனித்து நிற்கக்கூடிய வாக்கியங்கள் எத்தனை என்பதை. வரையறையில் இதை விட்டுவிட்டால் கலைச்சொல் எவ்வளவு அழகாக இருந்தும் பயனில்லை.

இன்னொரு சிக்கலையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், வகுப்பில் இதுதான் அதிகம் உதைக்கும். ‘பட்’, ‘ஹவெவர்’ இரண்டுக்கும் நாம் ‘ஆனால்’ என்றே சொல்லிக் கொடுக்கிறோம். தமிழ் ‘ஆனால்’ புது வாக்கியத்தைத் தொடங்கும், வாக்கியத்தின் நடுவிலும் வரும். நமக்கு அது பெரிய விஷயமே இல்லை. ஆங்கிலம் அங்கே கறார். ஃபார், அண்ட், நார், பட், ஆர், யெட், ஸோ ஆகிய ஏழும் இணைப்புச் சொற்கள். இவற்றுக்கு முன்னால் காற்புள்ளி வந்தால் போதும், இரண்டு முழு வாக்கியங்கள் முறைப்படி சேர்ந்துவிடும். ஹவெவர், தேர்ஃபோர், மோர்ஓவர், தென் எல்லாம் இலக்கணப்படி வினையடைகள். பொருளில் இணைத்தாலும் அமைப்பில் இணைக்கும் வலு அவற்றுக்கு இல்லை. ‘இட் ரெயிண்ட், பட் வீ வென்ட்’ சரி. ‘இட் ரெயிண்ட், ஹவெவர், வீ வென்ட்’ ஒட்டுதான். ‘ஹவெவர்’ என்பதற்கு முன்னால் அரைப்புள்ளியோ முற்றுப்புள்ளியோ வர வேண்டும். அகராதியில் இரண்டு சொல்லுக்கும் ஒரே பொருள் போட்டிருப்பதைப் பார்த்துவிட்டு எழுதுகிறவரை நொந்து பயனில்லை.

> கால், அரை, முக்கால், முற்று என்ற பெயர்களே எல்லாவற்றையும் சொல்லிவிடுகின்றனவே, தனிச்சொல் எதற்கு?

அந்தப் பெயர்கள் அழகானவை, மறுக்கவில்லை. ஆனால் அவை நிறுத்தத்தின் நீளத்தைச் சொல்கின்றன. காற்புள்ளிக்கு ஒன்று, அரைப்புள்ளிக்கு இரண்டு என்று எண்ணச் சொன்ன பழைய ஆங்கில இலக்கணப் புத்தகங்களின் எண்ணமும் அதுவே. மூச்சு விடும் இடத்தில் போடு என்று கற்றவர்தான் முதலில் இந்த ஒட்டில் மாட்டுவார். இன்றைய ஆங்கில உரைநடையில் காற்புள்ளி பெரும்பாலும் அமைப்பைப் பார்த்து விழுகிறது. ‘த மேன் ஹூ கால்ட் யெஸ்டர்டே இஸ் ஹியர்’ என்பதைப் படிக்கும்போது ‘யெஸ்டர்டே’ தாண்டி நா தானாக நிற்கும், ஆனால் அங்கே காற்புள்ளி கிடையாது.

அடுத்து, பெயரிலேயே ‘பிழை’ என்று சேர்ப்பதற்கும் நான் உடன்பட மாட்டேன். ஜூலியஸ் சீசருடையதாகச் சொல்லப்படும் வாசகத்தை ஆங்கிலத்தில் ‘ஐ கேம், ஐ சா, ஐ காங்கர்ட்’ என்றே எழுதுகிறார்கள். மூன்று முழு வாக்கியங்கள், இரண்டு காற்புள்ளிகள், யாரும் சிவப்பு மையைத் தேடுவதில்லை. சின்னச் சின்னதாக, ஒரே அச்சில் வார்த்தது போன்ற வாக்கியங்கள் அடுக்கி வந்தால் ஆங்கிலம் பொறுத்துக்கொள்ளும். ஜெர்மன் மொழியில் இரண்டு முதன்மை வாக்கியங்களுக்கு நடுவில் காற்புள்ளி வருவது இயல்பான வழக்கமே. ஆக, ஒட்டு என்பது ஒரு செயல். அது பிழையா இல்லையா என்பதை இடம் பார்த்துச் சொல்ல வேண்டும். ‘ஒட்டுப்போட்ட சட்டை’ என்னும்போது அந்தச் சொல்லில் ஏற்கெனவே ஒரு குறை தொனிக்கிறது, அந்த அளவு போதும்.

ஊடே ஒரு நண்பர் கேட்ட ‘ஆக்ஸ்ஃபோர்டு கமா’ பற்றிச் சுருக்கமாக. அதற்கு ‘அடுக்குக் காற்புள்ளி’ என்ற பெயர் சரிவராது. பட்டியலில் வரும் எல்லாக் காற்புள்ளிகளையும் அது குறித்துவிடும், அடுக்குத்தொடர் வேறு நினைவுக்கு வரும். நாம் பெயர் தேடுவது கடைசிக்கு முந்தைய உறுப்புக்குப் பின்னால், ‘அண்ட்’ அல்லது ‘ஆர்’ என்பதற்கு முன்னால் வரும் ஒன்றே ஒன்றுக்கு. நேரிசை ஆசிரியப்பாவில் மூன்று சீராக வரும் அடியை ஈற்றயலடி என்கிறோமே, அந்த ‘ஈற்றயல்’ இங்கே கச்சிதமாகப் பொருந்துகிறது: ஈற்றயல் காற்புள்ளி. இது சில்லறை விஷயம் என்று நினைப்பவர்களுக்காக: அமெரிக்காவின் மெய்ன் மாநிலச் சட்டத்தில், மிகைநேர ஊதியம் தர வேண்டாத வேலைகளின் பட்டியல் ‘பேக்கிங் ஃபார் ஷிப்மென்ட் ஆர் டிஸ்ட்ரிபியூஷன்’ என்று முடிந்தது, ‘ஆர்’ என்பதற்கு முன்னால் காற்புள்ளி இல்லாமல். விநியோகமும் விலக்கா, அல்லது விநியோகத்துக்காகக் கட்டி அடுக்கும் வேலை மட்டும் விலக்கா? விநியோக வேலை மட்டும் பார்த்த, ஓக்ஹர்ஸ்ட் என்ற பால் நிறுவனத்தின் லாரி ஓட்டுநர்கள் மிகைநேர ஊதியம் கேட்டு வழக்குப் போட்டார்கள். 2017இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சட்டத்தின் வாசகம் தெளிவாக இல்லை என்று அவர்கள் பக்கம் நின்றது. 2018இல் 50 லட்சம் டாலருக்குச் சமரசம் ஆனது. சரி, இதற்கு வேண்டுமானால் தனி இழை தொடங்குவோம்.

சொற்பட்டியலில் நான் சேர்க்க நினைக்கும் வரையறை இது:

காற்புள்ளி ஒட்டு – தனித்து நிற்கக்கூடிய இரண்டு வாக்கியங்களை, இணைப்புச் சொல் இல்லாமல் காற்புள்ளியால் மட்டும் சேர்த்தல். முற்றுப்புள்ளியோ அரைப்புள்ளியோ இட்டும், காற்புள்ளியோடு இணைப்புச் சொல் சேர்த்தும், ஒரு வாக்கியத்தைச் சார்பு வாக்கியமாக்கியும் இதைத் திருத்தலாம்.

‘காற்புள்ளியொட்டு’ என்று சேர்த்து எழுத வேண்டுமா என்று யாராவது கேட்பதற்குள் சொல்லிவிடுகிறேன்: பிரித்தே எழுதுவோம், தேடுபவர் கண்ணில் படும்.

மிச்சம் இருப்பது இதன் உடன்பிறப்பு. காற்புள்ளிகூட இல்லாமல் இரண்டு வாக்கியங்கள் ஒட்டிக்கொண்டு வருவதை ஆங்கிலத்தில் ‘ஃப்யூஸ்ட் சென்டென்ஸ்’ என்பார்கள். அதற்கு ‘வெற்றொட்டு’ என்று இப்போதைக்கு எழுதி வைத்திருக்கிறேன், வெற்றிடம் போல. ‘வெற்றி’ என்று படித்துவிடுவார்கள் என்ற பயம் எனக்கும் இருக்கிறது. வேறு நல்ல சொல் தோன்றினால் இதே இழையில் எழுதுங்கள், இரண்டையும் ஒன்றாகவே பட்டியலில் ஏற்றிவிடலாம்.