புதுப்பிப்பு: அந்தக் கஞ்சா காமெடி பார்த்தாச்சு!

நண்பர்களோட பார்க்க, மூளைக்கு வேலை வைக்காத கஞ்சா காமெடிப் படம் ஒண்ணு சொல்லுங்கன்னு போன வாரம் கேட்டிருந்தேன்ல? நீங்க சொன்ன ‘ஹரோல்ட் அண்ட் குமார் கோ டு ஒயிட் கேசில்’ (2004) நேத்து ராத்திரி ஓடுச்சு.

கதைன்னு பெருசா ஒண்ணும் இல்ல. புகைச்சுட்டுப் பசி எடுத்த ரெண்டு பேர், விளம்பரத்துல பார்த்த ஒயிட் கேசில் கடை பர்கரைத் தேடி விடிய விடிய அலையுறாங்க. அவ்ளோதான். சில ஜோக்குக்கு வயசாயிடுச்சு, அதுல நாங்க யாரும் சிரிக்கல. ஆனா நடிகர் நீல் பேட்ரிக் ஹாரிஸ் தன் சொந்தப் பேர்லயே வந்து இவங்க காரைக் கிளப்பிட்டுப் போறாரே, அங்க ஒருத்தன் குடிச்ச தண்ணி மூக்கு வழியா வந்துடுச்சு. நிறுத்தி, தரையைத் துடைச்சு, அதே காட்சியை மறுபடி போட்டோம். மறுபடியும் துடைச்சோம்.

இதுல பொறுப்பே இல்லாம திரியுற குமாரா நடிச்ச கால் பென், 2009ல நிஜமாவே ஒபாமாவோட வெள்ளை மாளிகைல வேலைக்குப் போனவர். இதைச் சொன்னா பசங்க நம்பல, தேடிக் காட்ட வேண்டியதாயிடுச்சு.

கடைசில பர்கர் வந்து குவியுறப்போ மணி ஒண்ணரை. எங்க ஃப்ரிட்ஜ்ல எதுவும் இல்ல.