புதுப்பிப்பு: கார் கண்ணாடி, லேமினேட்டடா இரட்டையா?

போன மாதம் நான் கேட்டது இதுதான்: நெடுஞ்சாலையில் காருக்குள் கேட்கும் காற்றிரைச்சலைக் குறைக்க இரு கண்ணாடிகளை இடைவெளியின்றி ஒட்டிச் செய்த லேமினேட்டட் கண்ணாடி நல்லதா, நடுவே காற்று இடைவெளி விட்ட இரட்டைக் கண்ணாடி நல்லதா? வீட்டு ஜன்னலை நினைத்து, இரட்டைதான் மேல் என்று எழுதியிருந்தேன். அதைத் திருத்திக்கொள்கிறேன்.

வீட்டில் அகலமான இடைவெளி விடலாம். கார் கதவில் கிடைப்பது சில மில்லிமீட்டர்தான். அவ்வளவு குறுகிய இடைவெளியில் அடைபட்ட காற்று ஸ்பிரிங் போல இரண்டு கண்ணாடிகளையும் சேர்த்து அதிரவைக்கும். சில நூறு ஹெர்ட்ஸ் அளவிலான ஒலி அப்போது இன்னும் எளிதாக உள்ளே வந்துவிடும். 1991இல் வந்த மெர்சிடிஸ் எஸ்-கிளாஸில் (டபிள்யூ140) இப்படிப்பட்ட இரட்டைக் கண்ணாடி இருந்தது. எடையும் கூடுதல், சீல் போனால் இரு கண்ணாடிகளுக்கு நடுவே ஈரம் படியும்.

லேமினேட்டடில் இரு கண்ணாடிகளுக்கு நடுவே பிவிபி என்ற பிளாஸ்டிக் படலம் ஒட்டியிருக்கும். ஒலிக்கென்றே செய்த வகையில் அதன் நடு அடுக்கு இன்னும் மென்மையானது. சாதாரணக் கண்ணாடி ஒலியைத் தடுக்கத் திணறும் 2000 முதல் 4000 ஹெர்ட்ஸ் பகுதியில் அது அதிர்வை அடக்குகிறது. காற்றின் சீறல் பெரும்பாலும் அங்கேதான் கேட்கும்.

இன்று பல விளம்பரங்களில் வரும் ‘டபுள் கிளாஸ்’ என்பதும் லேமினேட்டட்தான். கண்ணாடியைப் பாதி இறக்கி விளிம்பைப் பாருங்கள், நடுவில் ஒரு கோடு தெரியும்.

அப்புறம், டயர் உறுமல் தரை வழியாகவும் வருகிறது, அதற்குக் கண்ணாடி மருந்தல்ல. ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: ஆபத்தில் சுத்தியலால் தட்டினால் லேமினேட்டட் உதிராது. உங்கள் காரில் எந்தக் கண்ணாடி டெம்பர்ட் (தட்டினால் சிறு துண்டுகளாக உதிரும் வகை) என்று இப்போதே பார்த்து வையுங்கள்.